இயந்திரம் மருந்து தரலாமா?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவில் மருந்துச்சீட்டைக் காட்டினால் இயந்திரமே மாத்திரை தரும் வசதி வந்ததாக மகள் சொன்னாள். இங்கும் வந்தால் இரவில் மருந்துக்கு அலையத் தேவையில்லையே?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: வரட்டும் அம்மா, ஆனால் விதிகள் முதலில் வரவேண்டும். அங்கும் தொலைவிலிருக்கும் மருந்தாளர் சீட்டைப் பார்த்து, திரையில் நோயாளியோடு பேசிய பிறகே மருந்து வெளியே வரும். நம் இலங்கையில் மருந்து விற்பனையை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இயந்திரத்துக்கென்று அதில் ஒரு விலக்கும் கொடுக்கக் கூடாது.

மருந்தாளரான நான், மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் வாங்க வருபவரிடம், "எந்தக் கிழமையில் விழுங்குகிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்பேன். வாரத்தில் ஒரே நாள் எடுக்கும் குளிசை அது. பிரஷர் குளிசையோடு சேர்த்துத் தினமும் விழுங்கினால் இரத்த அணுக்கள் குறைந்து உயிரே போகலாம். சிலர், "காலையில்" என்று பதில் சொல்வார்கள். அங்கேதான் எனக்கு நெஞ்சு திக்கென்னும், உட்காரவைத்து விளக்குவேன். எண்ணிக்கை பிசகாமல் கொடுக்க இயந்திரத்தால் முடியும், இந்தப் பதிலைக் கேட்டு நிறுத்த ஓர் ஆள் வேண்டும்.

இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கவேண்டும். மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு என்று காட்டாத இயந்திரத்துக்கு அனுமதி கூடாது. தூக்கக் குளிசைகளை அதில் அடுக்கவே விடக் கூடாது. அனுமதித்த மருந்தாளரின் பெயரும் நேரமும் ஒவ்வொரு பொதியிலும் அச்சாகட்டும்.