கல்யாணமே இல்லாத ஊரில் பிள்ளைகள் எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் ஷேக்கர் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டம் இருந்ததாம், அதில் யாருமே கல்யாணம் செய்துகொள்ள மாட்டார்களாம். என் மகன் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொல்கிறான். அப்புறம் அங்கே பிள்ளைகள் எப்படி? வளர்ந்து என்ன ஆனார்கள்? எங்கள் பக்கத்துக் கன்னியர் மடம் மாதிரியா?
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: பாதி மடம்தான். துறவு உண்டு, சொத்து பொது. ஆனால் ஆணும் பெண்ணும் ஒரே பெரிய வீட்டில் இருந்தார்கள், படிக்கட்டும் வாசலும் மட்டும் தனித்தனி. மான்செஸ்டரில் பிறந்த ஆன் லீ என்ற பெண்மணி 1774-ல் சிலரோடு கப்பலேறி அமெரிக்கா போய் வளர்த்த கூட்டம் இது.

பிள்ளைகள் வெளியிலிருந்து வந்தவர்கள். அநாதைகள், வளர்க்க வசதியில்லாத பெற்றோர் எழுதிக்கொடுத்துவிட்டவர்கள், அப்புறம் குடும்பத்தோடு சேர்ந்தவர்களின் பிள்ளைகள். இந்தக் கடைசி ரகம்தான் பாவம். சேர்ந்த நாளிலிருந்து அப்பாவும் அம்மாவும் அண்ணன் தங்கை மாதிரி, பிள்ளையை வளர்ப்பது வேறொருவர் பொறுப்பு. எனக்கு இது ஜீரணமாகவில்லை.

மற்றபடி நன்றாகவே வளர்த்தார்கள். பையன்களுக்குக் குளிர்காலத்தில் பள்ளிக்கூடம், ஏனென்றால் கோடையில் வயலில் ஆள் வேண்டும், பெண்பிள்ளைகளுக்குக் கோடையில். கூடவே தச்சு, நெசவு, விளக்குமாறு கட்டுவது, விதையைப் பொட்டலம் போடுவது என்று ஏதாவது ஒரு கைத்தொழில்.

21 வயதானால் கேட்பார்கள், இருக்கிறாயா போகிறாயா என்று. இருப்பதென்றால் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும்: சொத்தும் கூலியும் இனி எனக்கென்று கேட்க மாட்டேன், கல்யாணமும் கிடையாது. அதுவரை அவர்கள் முழு உறுப்பினர் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள், சிலர் அந்த வயது வரைகூடக் காத்திருக்கவில்லை. சின்ன வயதிலிருந்து வெளியுலகமே தெரியாதவனிடம் போய்க் கேட்பது எவ்வளவு தூரம் நியாயமான கேள்வி என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்டார்களே. உங்கள் கடற்கரையில் படிப்பு நின்ற பையன் அப்பாவோடு படகேறுவதை யாரும் ஒரு முடிவாகவே நினைப்பதில்லை, லீவில் ஒருநாள் போனவன் அப்படியே போய்க்கொண்டிருப்பான்.

பிற்பாடு அநாதை இல்லங்கள் பெருகின, பிள்ளைகள் வரத்து நின்றது. இப்போது அமெரிக்காவில் மெயின் என்ற மாநிலத்தில் சப்பத்டே லேக் என்ற ஒரே இடத்தில், விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். சேர விரும்பும் பெரியவர்களை இன்றும் வரவேற்கிறார்கள். உங்கள் மகன் சும்மா ஆர்வத்தில்தானே கேட்டான்?