மூணு வகைக் கஸ்டமருக்கு மூணு வகை நோட்டீஸ் அடிக்கணுமா?

கேள்வி: கோவை கணபதியில் போர்வெல் மோட்டாரும் ஓப்பன்வெல் மோட்டாரும் தயாரிக்கும் சிறிய யூனிட் எங்களுடையது. கோபி, அந்தியூர், அவிநாசி, பல்லடம் பக்கம் டீலர்கள் இருக்கிறார்கள். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று கஸ்டமர்கள் மூன்று வகை, அதற்கேற்ப கேட்லாக், ஆடியோ, டெமோ கிட் என மூன்று செட் தயாரிக்க வேண்டும் என்கிறது ஒரு விளம்பர ஏஜென்சி. டீலர் கடைகளில் 20 கேள்வி கொண்ட சர்வே எடுத்து யார் எந்த வகை என்று பிரித்தும் தருவார்களாம். கொட்டேஷன் 2,40,000 ரூபாய். செய்யலாமா?

பதில்: சர்வே வேண்டவே வேண்டாம். அதற்குக் கொடுக்கும் பணம் முழுக்க வீண். கேட்லாக், டெமோ, ஆடியோவுக்குப் பதில் வீடியோ மூன்றுமே உங்களுக்குப் பயன்படும். ஆனால் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக் கொடுக்க அல்ல, எல்லோருக்கும் எல்லாமும் காட்ட.

இந்தக் கண், காது, கை கணக்கில் பிரபலமானது, நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங் 1992ல் எழுதிய வார்க் முறை. அதில் படித்தும் எழுதியும் கற்பவர் என்று நான்காவது வகையும் உண்டு. உங்கள் ஏஜென்சி அதை ஏனோ விழுங்கிவிட்டது. 2004ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வறிக்கை இந்த மாதிரி 71 பாகுபாடுகள் புழக்கத்தில் இருப்பதாகக் கணக்கிட்டது. 2008ல் அமெரிக்க உளவியலாளர்கள் நான்கு பேர் அடிப்படைக் கேள்வியையே எடுத்தார்கள்: 'கண் வகை' ஆளுக்குப் படத்திலும் 'காது வகை' ஆளுக்குப் பேச்சிலும் சொல்லிக்கொடுத்தால், மாற்றிச் சொல்லிக்கொடுப்பதைவிட நன்றாகப் புரிகிறதா? புரிகிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்பதுதான் அவர்கள் முடிவு. வீடியோதான் பிடிக்கும் என்று ஒருவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பிடிப்பதாலேயே அதில் அவருக்கு அதிகம் புரியும் என்று ஆகாது.

இந்த முடிவு வந்து இத்தனை வருடம் ஆகியும், மானியத்தில் நடக்கும் தொழில்முனைவோர் பயிற்சிகளில் இன்னும் அதே மூன்று வட்டம் போட்ட ஸ்லைடைத்தான் ஓட்டுகிறார்கள். மதியச் சாப்பாடும் சர்டிபிகேட்டும் தவறாமல் வருகின்றன. பாடத்தைத் திருத்த மட்டும் எந்தக் கமிட்டிக்கும் நேரம் கிடைக்கவில்லை. அங்கே கேட்டதைத்தான் ஏஜென்சிக்காரர் உங்களிடம் விலை போட்டு விற்கிறார்.

எந்த வடிவில் சொல்வது என்பதைச் சொல்ல வேண்டிய விஷயம்தான் முடிவு செய்யும், கேட்கிற ஆள் அல்ல. இத்தனை அடி ஹெட்டுக்கு (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்) எத்தனை ஸ்டேஜ் (தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் அடுக்கு), எத்தனை எச்பி என்பதை யாருக்கும் பாட்டாகப் பாடிக் காட்ட முடியாது, அட்டவணைதான் வேண்டும். லோ வோல்டேஜில் மோட்டார் எடுக்கும் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். வோல்ட்மீட்டர் முள் கீழே நிற்கும்போதே மோட்டார் ஓடித் தண்ணீர் விழுவதை வீடியோவில் காட்ட வேண்டும். இம்பெல்லரின் கனம் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் போர்வெல்லின் ஆழத்தை வைத்துப் பிரியுங்கள். கோபியில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாயும் ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் மேலேயே நிற்கும். அங்கே ஓப்பன்வெல் மோட்டார்தான் பேச்சு. பல்லடம், அவிநாசி பக்கம் ஆயிரம் அடி தாண்டிய போர்கள் சகஜம். அந்த விவசாயிக்கு ஹெட்டும் கேபிளும்தான் கவலை. ரெண்டு ஊருக்கும் ஒரே கேட்லாக் அனுப்பினால் பாதிப் பக்கம் குப்பை.

இன்னொரு பிரிவினை, ஆளின் வேலை. விவசாயி "ஏனுங்க, லோ வோல்டேஜ்ல எடுக்குமுங்களா, காயில் போனா எங்க கட்டறதுங்க?" என்று கேட்பார். மோட்டார் இறக்கும் மெக்கானிக்குக் கேபிள் சைஸும் பேனல் போர்டு செட்டிங்கும் வேண்டும். டீலருக்கு மார்ஜினும் வாரண்டி மோட்டார் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதும். பல ஊர்களில் எந்த மோட்டார் வாங்குவது என்று முடிவு செய்வதே அந்த மெக்கானிக்தான். அவருக்கென்று ஒரு தாள்கூட பெரும்பாலான கம்பெனிகள் அடிப்பதில்லை. ஸ்டார் ரேட்டிங்கை அட்டையில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். விவசாய இணைப்புக்குக் கரண்ட் இலவசம் என்கிற தமிழ்நாட்டில், மின்சாரம் மிச்சம் என்ற வாசகம் தோட்டத்துக்காரரை எப்படி இழுக்கும்? அதை வீட்டு போருக்கு வாங்குபவரிடம் சொல்லுங்கள்.

படிக்க முடியாதவர்கள் விஷயம் மட்டும் வேறு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சர்வே சறுக்கப்போவது இங்கேதான். டீலர் கடையில் நோட்டீஸை நீட்டினால், "கண்ணாடி கொண்டாரலைங்க, நீங்களே சொல்லுங்க" என்பார் ஒரு பெரியவர். உண்மையிலேயே கண்ணாடியை மறந்திருக்கலாம். கண்புரையாக இருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல், அதை நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமாகவும் இருக்கலாம். சர்வே எடுக்கும் பையன் இவர்கள் எல்லோரையும் 'காதால் கற்பவர்' என்று டிக் அடித்துவிடுவான். அவர்களுக்கு ஆடியோ தயாராகும், நோட்டீஸ் அதே பொடி எழுத்தில் அப்படியே கிடக்கும். பெரியவருக்குத் தேவைப்பட்டது பெரிய எழுத்து. குறைந்தது 14 பாயிண்ட், வெள்ளைத் தாளில் கறுப்பு மை. கிளாஸி பேப்பர் வெயிலில் பளபளத்து ஒன்றும் தெரியாது, மேட் பேப்பர் போடுங்கள். மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து போட்டால் டிசைனருக்கு அழகாகத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. படிக்கவே தெரியாதவருக்கு, டீலர் விரல் வைத்துச் சொல்லிக் காட்டும்படி பெரிய படங்கள் வேண்டும். அந்தத் தாளை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவார், மகளோ பேரனோ படித்துச் சொல்வார்கள். அதனால் எழுத்தை முழுக்க எடுத்துவிடவும் கூடாது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட யாரிடமாவது மாதிரித் தாளைக் கொடுத்து, கண்ணாடி இல்லாமல் வாசலில் நின்று படிக்கச் சொல்லுங்கள்.

வடிவமைப்பில் ரெண்டே விஷயம். பாகத்தின் பெயரைப் படத்திலேயே, அந்தப் பாகத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 1, 2, 3 என்று நம்பர் போட்டுக் கீழே பட்டியல் கொடுத்தால் கண் மேலும் கீழும் அலையும். வீடியோவில் திரையில் ஓடும் முழு வாக்கியத்தையே குரலும் வாசிக்க வேண்டாம். ரெண்டும் மோதிக்கொள்ளும்.

உங்கள் கொட்டேஷனில் என்னை அதிகம் உறுத்துவது யாருக்கு எது சொந்தம் என்று ஒரு வரிகூட இல்லாததுதான். பிரிண்டிங்கில் ஏஜென்சி எடுக்கும் கமிஷனாவது ஒரு தடவை போகிற காசு. இதில் ஏமாந்தால் வருடக்கணக்கில் அழ வேண்டும். யூடியூப் சேனலை ஏஜென்சியின் மெயிலில் திறப்பார்கள், வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கை அவர்கள் நம்பரில் எடுப்பார்கள். ரெண்டு வருடம் கழித்துப் பிரியும்போது வீடியோவும் கஸ்டமர் நம்பர்களும் அங்கேயே தங்கிவிடும். மாடல் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தக்கூட அவர்களிடமே காசு கட்ட வேண்டி வரும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவும் போட்டோவும், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உங்களுடையவை. அதனால்தான் சில ஏஜென்சிகள் அந்த மாற்று ஒப்பந்தத்தைக் கொட்டேஷனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நுழைப்பார்கள். எழுதிய வாசகத்துக்கும் வரைந்த டிசைனுக்கும் சட்டம் வேறு. எழுத்தில் மாற்றித் தரும்வரை அவை அவர்களுடையவை. மாற்றித் தரும் பத்திரத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான் செல்லும். ஆகவே காலத்தையும் இடத்தையும் எழுதி வாங்குங்கள். சேனலும் நம்பரும் கம்பெனி பெயரில் இருக்கட்டும். டிசைனைத் திருத்த உதவும் கோரல்டிரா ஃபைல்களும் எடிட் செய்யாத வீடியோவும் ஹார்ட் டிஸ்க்கில் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஆழத்துக்கு ஒன்றாக ரெண்டு நோட்டீஸ், மெக்கானிக்குக்கு லேமினேட் செய்த ஒரு அட்டை, ஒன்றரை நிமிட வீடியோ ஒன்று, பெரிய டீலர் கடைகளுக்கு மட்டும் குறுக்கே வெட்டிய கட் மாடல் பம்ப். இதற்கு மட்டும் வேறு ரெண்டு இடத்தில் கொட்டேஷன் கேளுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் அந்தியூர் டீலரிடம் வரும் மெக்கானிக் ஒருவரிடம் மாதிரி அட்டையைக் கொடுத்து, 700 அடி போருக்கு எந்த மாடல் என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் அட்டவணையைத் திருத்துங்கள். இதெல்லாம் மாசிக்குள் முடிய வேண்டும். பங்குனியில் கிணறு வற்ற ஆரம்பித்துவிட்டால் டீலருக்கு உங்கள் அட்டையைப் பிரித்துப் பார்க்க நேரமிருக்காது.