காலியிடம் இல்லாமல் இணைப் பேராசிரியர் ஆக முடியுமா?

கேள்வி: மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுத் துறையில் உதவிப் பேராசிரியராக ஊதிய நிலை 12-இல் பணியாற்றுகிறேன். வரும் ஜனவரியில் இந்த நிலைக்கு வந்து மூன்று ஆண்டுகள் முடிகின்றன. துறையில் இணைப் பேராசிரியர் இடம் காலியில்லை. பணியில் எனக்கு மூத்தவர் ஒருவரும் காத்திருக்கிறார். முனைவர் பட்டம், எட்டுக் கட்டுரைகள், ஒரு நூல், பட்டம் பெற்ற ஓர் ஆய்வு மாணவர் என்பவை என் கைவசம் உள்ளவை. கட்டுரைகளில் ஆறு கூட்டாக எழுதியவை. நான் இப்போது விண்ணப்பிக்கலாமா?

பதில்: விண்ணப்பிக்கலாம். நீங்கள் கேட்பது நேரடி நியமனம் அன்று, பணி மேம்பாடு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இது பதவியில் இருப்பவருக்கு மட்டும் உரிய தனிப்பட்ட உயர்வு என்பதால், இணைப் பேராசிரியர் பணியிடம் காலியாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. நீங்கள் ஓய்வுபெறும்போது அந்த இடம் மீண்டும் உதவிப் பேராசிரியர் இடமாகிவிடும். மூத்தவர் முன்னே செல்ல வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சொல்லப்போனால், இணைப் பேராசிரியர் நிலையில் யார் மூத்தவர் என்பது தேர்வுக் குழு தன் பரிந்துரையில் குறிப்பிடும் தகுதி நாளை, அதாவது உயர்வுக்கான தகுதிகள் எல்லாம் நிறைவேறிய நாளை, வைத்தே முடிவாகிறது. துறையில் சிலருக்கு இது கசக்கலாம். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் கவனம் முழுவதும் தகுதி நாளின்மீது இருக்க வேண்டும். உரிய நாளுக்கு மூன்று மாதங்கள் முன்னதாகவே, அதாவது அக்டோபரிலேயே, சான்றுகளோடு விண்ணப்பம் தரலாம். குறைந்தபட்சப் பணிக்காலம் முடிந்தவுடன் விண்ணப்பித்துத் தேர்ச்சி பெற்றால், நேர்காணல் எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் அந்தப் பணிக்காலம் நிறைந்த நாளிலிருந்தே உயர்வு கணக்கிடப்படும். ஏதேனும் ஒரு தகுதி பின்னர்தான் நிறைவேறுகிறது என்றால் அது நிறைவேறிய நாளே உங்கள் நாள். நிலை 12-இன் தொடக்க ஊதியம் 79,800 ரூபாய், இணைப் பேராசிரியருக்கான நிலை 13ஏ-இன் தொடக்க ஊதியம் 1,31,400 ரூபாய் என்பதால், ஒவ்வொரு மாதத் தாமதமும் கையைக் கடிக்கும்.

இந்த நிலைக்கு முனைவர் பட்டம் கட்டாயம். ஆண்டுச் செயல்திறன் அறிக்கை கடைசி மூன்று ஆண்டுகளில் குறைந்தது இரண்டில் ‘திருப்தி’ அல்லது ‘நன்று’ என்று இருக்க வேண்டும்; ஒதுக்கிய வகுப்புகளில் எழுபது விழுக்காட்டுக்குக் கீழே எடுத்திருந்தால் திருப்தியும் கிடைக்காது. இந்த மூன்றாண்டுக்குள் இரண்டு வாரப் புத்தொளிப் பயிற்சி ஒன்றையோ சான்றிதழுடன் கூடிய இணையவழிப் படிப்பு ஒன்றையோ முடித்திருக்க வேண்டும். கட்டுரைகள் ஏழு தேவை, அவற்றில் மூன்று இந்த மூன்றாண்டுக்குள் வெளியாகியிருக்க வேண்டும். ஆய்வு மாணவர் ஒருவருக்கேனும் வழிகாட்டியதற்குச் சான்று வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் ஆய்வு மதிப்பெண்ணில்தான் வருகிறது. குறைந்தது 70 வேண்டும். அதுவும் ஆறு வகைகளில் மூன்றிலிருந்தாவது வர வேண்டும். வரலாறு போன்ற கலைத் துறைகளில் கட்டுரை ஒன்றுக்கு 10 மதிப்பெண். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் ஆளுக்கு 7. மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் என்றால் முதன்மை ஆசிரியருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் (இதழோடு கடிதத் தொடர்பு கொள்பவர்) 7, மற்றவர்களுக்கு 3. உங்கள் எட்டில் இரண்டு தனியாகவும், நான்கு இருவராகவும், இரண்டு மூன்றாம் ஆசிரியராகவும் எழுதியவை என்று கொண்டால் 20, 28, 6 என மொத்தம் 54 வருகிறது. தேசிய அளவிலான பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 10. நீங்கள் ஒருவரே நெறியாளராக இருந்து மாணவர் பட்டம் பெற்றிருந்தால் இன்னொரு 10. இணை நெறியாளர் ஒருவர் இருந்திருந்தால் அது 7 ஆகக் குறையும். ஆகக்கூடி 74. கட்டுரை, நூல், வழிகாட்டல் என மூன்று வகைகளும் நிறைந்துவிடுகின்றன. இதழின் தாக்கக் காரணிக்கு (அதன் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) ஏற்பக் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு, ஆனால் உங்கள் பல்கலைக்கழகப் படிவம் அதை எவ்வாறு சேர்க்கிறது என்று உள்தர உறுதி மையத்தில் (ஐ.க்யூ.ஏ.சி.) கேட்டறியாமல் அதை நம்பி இறங்க வேண்டாம்.

74 என்பது ஓரத்தில் நிற்கும் எண். இருவர் எழுதிய கட்டுரை ஒன்றை மட்டும் குழு ஏற்க மறுத்தாலும் 67-க்கு இறங்கிவிடுவீர்கள். எனவே ஒவ்வொரு கட்டுரைக்கும் இதழின் பெயர்ப் பக்கம், ஐ.எஸ்.எஸ்.என். எண் (இதழின் பன்னாட்டு அடையாள எண்), துறை வல்லுநர் மதிப்பாய்வு நடந்ததற்கான சான்று ஆகியவற்றை இணையுங்கள். ஏற்கத்தக்க இதழ்களைத் தொகுத்துத் தந்த யுஜிசி-கேர் பட்டியலை மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. கட்டுரை வெளியான நாளில் அந்த இதழ் பட்டியலில் இருந்ததைக் காட்டும் அச்சுப்படி உங்களிடம் இருந்தால் அதையும் கோப்பில் வையுங்கள். ஏற்புக் கடிதம் மட்டும் உள்ள, இன்னும் அச்சேறாத கட்டுரையை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

சான்றுகளில் ஐயம் இருந்தால் அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. விண்ணப்பித்துத் தேறாதவரை மீண்டும் மதிப்பிடக் குறைந்தது ஓராண்டு ஆக வேண்டும். அப்போது தேறினாலும், நிராகரிக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு கழிந்த நாளே உயர்வு நாளாகும், ஜனவரி நாள் கைவிட்டுப் போகும். நூல் ஒன்றை மொழிபெயர்த்து வெளியிட்டால் 8, மற்றொரு மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் 5 மதிப்பெண் கிடைக்கும். இவற்றில் ஒன்று பிப்ரவரியிலோ மார்ச்சிலோ கைகூடும் நிலையில் இருந்தால், அது முடிந்த நாளைத் தகுதி நாளாகக் காட்டி விண்ணப்பிப்பது, ஜனவரியில் விண்ணப்பித்து ஓராண்டை இழப்பதைவிட மேல்.

நேர்காணலில் துணைவேந்தர் அல்லது அவருடைய நியமனர் தலைமை வகிப்பார். வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள் குறைந்தது இருவராவது இருந்தால்தான் குழுவின் கூட்டம் செல்லும். 2025 ஜனவரியில் வெளியான புதிய வரைவு விதிமுறைகளைக் காட்டிச் சிலர் உங்களைக் குழப்பக்கூடும். அது இறுதி அறிவிக்கையாகி உங்கள் பல்கலைக்கழகமும் ஏற்காத வரையில், அந்த வரைவைக் காரணமாக்கி அலுவலகம் உங்கள் விண்ணப்பத்தை நிறுத்திவைக்க இயலாது.