பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்கள் வழியே, கார் வராத பாதையில் சைக்கிள் பயணம்: குடிக்காதவர்களும் உடற்பயிற்சி இல்லாதவர்களும் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: "பிரான்சில் கார் தொல்லை இல்லாமல் திராட்சைத் தோட்டங்கள் வழியாகச் சைக்கிளில் சுற்றலாம் என்கிறார்களே, அதெல்லாம் உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பவர்களுக்கும் ஒயின் ரசிகர்களுக்கும்தானே? எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?" எங்களைப் போன்றவர்கள் என்றால் நாற்பதைத் தாண்டியவர்கள், சைக்கிளைத் தொட்டுப் பல வருடம் ஆனவர்கள், குடிப்பழக்கம் இல்லாதவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் என்னைத்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு 53 வயது. லியோனில் குடியிருக்கிறேன். படியேறினால் வலது முழங்கால் சத்தம் போடும். ஒயின் வாசனையே எனக்கு ஆகாது. இருந்தும் வருடா வருடம் போகிறேன்.

போகலாம் என்பதுதான் பதில். எந்தப் பாதையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது கிழக்கு பிரான்சின் பர்கண்டி பகுதியில் போன் (Beaune) என்ற ஊரிலிருந்து சாந்த்னே வரை போகும் திராட்சைத் தோட்டப் பாதை. இருபது கிலோமீட்டர் சொச்சம். வழியில் பொமார், வொல்னே, மெர்சோ, புலிஞி மோந்த்ராஷே என்று வரிசையாக ஊர்கள். ஒயின் தெரிந்தவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நிலம். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அது தோட்டக்காரர்கள் தங்கள் வேலைக்காக வைத்திருக்கும் பாதை. கார் குறைவு, டிராக்டர் உண்டு. அதுவும் சாதாரண டிராக்டர் இல்லை. கொடி வரிசையைத் தன் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு மேலே நின்றபடி நகரும் உயரமான வண்டி. அது எதிரே வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும், அவர்கள் பிழைப்பு அது. ஏற்ற இறக்கமும் உண்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ("நான் போனேன், ஒன்றும் கஷ்டமில்லை" என்று கமென்டில் எழுதப்போகும் 28 வயதுத் தம்பிகளுக்கு முன்கூட்டியே வாழ்த்துகள்.)

நான் சொல்வது அதற்குத் தெற்கே, ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை போகும் 44 கிலோமீட்டர். இந்த மாதிரிப் பாதையை இங்கே 'வுவா வெர்த்' என்பார்கள்: கார், மோட்டார் சைக்கிள் எதற்கும் அனுமதி கிடையாது, நடப்பவர்கள், சைக்கிள், சக்கரக் காலணி, சக்கர நாற்காலி மட்டும். பிரான்சில் இந்த வகையில் முதல் பாதையாக 1997-ல் திறக்கப்பட்டது இதுதான். பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். நீராவி எஞ்சினால் செங்குத்தான மேடு ஏற முடியாது என்பதால் அந்தக் காலத்திலேயே மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்துச் சமன் செய்துவிட்டார்கள். என் முழங்கால் அந்தப் பொறியாளர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. குறுக்கே ஊர்ச்சாலைகள் வரும் இடத்தில் மட்டும் நாம் நின்று பார்த்துக் கடக்க வேண்டும்.

போன வருடம் என் நாத்தனார் மதுரையிலிருந்து வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் சைக்கிள் ஓட்டியதோடு சரி. அதற்கப்புறம் ஸ்கூட்டி, அப்புறம் அதுவும் இல்லை. பாரிஸ், ஐஃபில் கோபுரம் எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. சைக்கிள் என்றதும், "அண்ணி, என்னை ஊருக்கு முழுசா அனுப்புற எண்ணம் இல்லையா?" என்றார். லியோனிலிருந்து ரயிலில் ஷாலோன் போய் இறங்கினோம். அங்கிருந்து ஜிவ்ரி பத்து கிலோமீட்டர்தான், அதற்கும் தனிப் பாதை இருக்கிறது. அவருக்கு மட்டும் மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். மின்சார சைக்கிள் ஏமாற்று வேலை என்று சொல்பவர்களுக்கு: மிதித்தால்தான் அந்த மோட்டார் உதவும், 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் தானாக நின்றுவிடும். அப்படியும் ஏமாற்றுதான் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆரம்பத்தில் அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையை மட்டுமே பார்த்து ஓட்டினார். புஸ்ஸி ஊரின் பழைய ஸ்டேஷன் வருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். பின்னால் ஹாரன் இல்லை, உரசிக்கொண்டு போகும் பஸ் இல்லை. பயம் போவதற்கு அது ஒன்றே போதும். உடல் பலம் எல்லாம் இரண்டாம் பட்சம். நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் சைக்கிளை விட்டது முடியாமல் இல்லை, ரோட்டுக்குப் பயந்து. இதை யாரும் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

புஸ்ஸியைச் சுற்றிச் சரிவெல்லாம் திராட்சைதான். நான் கம்பம் பக்கத்துப் பெண். அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. திராட்சை என்றால் எனக்குப் பந்தல். அண்ணாந்து பார்த்துக் குலை வெட்ட வேண்டும். இங்கே கொடிகள் இடுப்பு உயரம், ராணுவ அணிவகுப்பு மாதிரி வரிசை. பர்கண்டியில் ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி வரை நடுகிறார்கள். கம்பத்தில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். இங்கே வருடத்துக்கு ஒரே அறுவடை, பெரும்பாலும் செப்டம்பரில். சொட்டு நீர்க் குழாய் எங்கும் என் கண்ணில் படவில்லை. நாத்தனார் இறங்கி ஓர் இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, இலையெல்லாம் நீலம் பூத்த மாதிரி இருக்கு?" என்றார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. எங்கள் அப்பா அடித்த அதே மருந்து.

அதற்கு ஏன் போர்டோ என்று பெயர் என்பதே ஒரு கதை. பிரான்சின் போர்டோ நகரத்துக்கு வடக்கே மெதோக் பகுதியில், சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறித்துத் தின்னாமல் இருக்க, விஷம் போலத் தெரியட்டும் என்று துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை மில்லார்தே என்ற தாவரவியலாளர் கவனித்து, 1885-ல் மருந்தாகவே எழுதி வெளியிட்டார். ஆகவே, போகிற வழியில் நாலு பழம் பறிக்கலாமா என்று கேட்காதீர்கள். திருட்டு என்பது ஒரு பக்கம், மருந்து அடித்திருப்பார்கள் என்பது இன்னொரு பக்கம்.

மத்தியானம் சேன் ஜாங்கூ என்ற ஊருக்குப் பக்கத்தில் என் கணவர் ஆரம்பித்தார். கைபேசிச் செயலி ஒன்று, பாதையை விட்டு விலகினால் 'இயற்கைக் காட்சிச் சுற்று' இருப்பதாகக் காட்டியதாம். பத்து நிமிடத்தில் ஒரு மாவட்டச் சாலையில் போய் நின்றோம். ஓரத்தில் வெள்ளைக் கோடு, அதற்கு அப்பால் பள்ளம். கார்கள் எண்பதில் பறந்தன. நாத்தனார் இறங்கி வண்டியைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். "அண்ணா, நீ வேணா போ. நான் அந்த ரயில் ரோட்லயே வர்றேன்." திரும்பினோம். இந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் போக்குவரத்து குறைவு என்பது உண்மைதான். குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. புதிதாகப் போகிறவர்கள் தார் போட்ட ரயில் பாதையை விட்டு நகராதீர்கள்.

அடுத்தது தண்ணீர். பெட்டிக்கடை எல்லாம் கிடையாது, மத்தியானம் இரண்டு மணி நேரம் இருக்கிற கடையும் மூடியிருக்கும். பிரெஞ்சு சைக்கிள்காரர்களிடம் ஒரு வழி உண்டு: ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிகளுக்கு ஊற்றக் குழாய் இருக்கும், அதில் பிடித்துக்கொள்வார்கள். குடிக்கத் தகாது என்று பலகை இருந்தால் மட்டும் தொடக் கூடாது. நான் புட்டியை நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினேன். "சுடுகாட்டுத் தண்ணியையா குடிக்கச் சொல்றீங்க? நான் வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்திக்கணும்!" கொர்மத்தேன் வரை ஒரு சொட்டுக் குடிக்காமல் வந்தார். அங்கே காப்பிக்கடையில் அவர் தண்ணீர் குடித்த வேகத்தைப் பார்த்து, கடைக்காரர் கேட்காமலே இன்னொரு ஜாடி கொண்டுவந்து வைத்தார்.

ஒயின் விஷயத்துக்கு வருகிறேன். ஒயின் கிடங்குகளில் ருசி பார்க்கக் கூப்பிடுவார்கள். வேண்டாம் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தொழில்முறையில் ருசி பார்ப்பவர்களே வாயில் வைத்துவிட்டுத் துப்புகிறார்கள், அதற்கென்றே பாத்திரம் இருக்கும். சில இடங்களில் திராட்சைச் சாறும் விற்கிறார்கள். குடிக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சைக்கிள் ஓட்டுபவருக்கும் காருக்குள்ள அதே வரம்புதான், லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். தாண்டினால் அபராதம். என் கணவர் ஜிவ்ரி சிவப்பு ஒயினை ராத்திரி தங்குமிடத்துக்குப் போன பிறகுதான் தொட்டார். நான்காம் ஹென்றி ராஜாவுக்குப் பிடித்த ஒயின் அது என்று ஜிவ்ரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நானும் நாத்தனாரும் மாக்கோன் பக்கத்து ஆட்டுப்பால் சீஸும் ரொட்டியும் சாப்பிட்டோம். எலுமிச்சம்பழ ஊறுகாய் தொட்டுக்கொண்டோம். அதற்காக யாராவது திட்டினால் திட்டட்டும்.

காசு பற்றியும் கேட்பீர்கள். பெட்டியைத் தங்குமிடம் தங்குமிடமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம், வரைபடம் தருகிறோம் என்று பொட்டலமாக விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒன்றில் கட்டிய தொகையில் நாங்கள் மூவரும் போய்வந்திருப்போம். பாதை பொதுச் சொத்து, நுழைவுக் கட்டணம் இல்லை. பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றால் கட்டுங்கள், அது உங்கள் வசதி.

சைக்கிள் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. எங்கள் கட்டடத்தில் சைக்கிள் நிறுத்த ஓர் அறை இருந்தது. குப்பைத் தொட்டிகளுக்கு இடம் போதவில்லை என்று பராமரிப்பு அலுவலகம் அதைத் தொட்டிகளுக்குக் கொடுத்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே வைத்தால், கீழ்வீட்டுக்காரர் சீட்டு எழுதி ஒட்டுகிறார். பூப்போட்ட சீட்டு, மரியாதையான மொழி, விஷயம் மட்டும் விஷம். நான் மூன்றாவது மாடிக்குச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகிறேன். முழங்கால் சத்தம் போடுவதற்குக் காரணம் வயதா, இந்தப் படியா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சரி, பாதைக்கு வருவோம். குளூனியில் நிறுத்திக்கொள்வது நல்லது. 910-ல் தொடங்கிய மடம் அங்கே இருக்கிறது. ரோமில் இப்போதுள்ள புனித பீட்டர் பேராலயம் எழும் வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரிய கோயில் இந்த மடத்துடையதுதான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக இடித்து விற்றுவிட்டார்கள். மிச்சம் இருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைப் பார்க்கவே ஒரு நாள் வேண்டும். இன்னும் தெம்பு இருந்தால் மாக்கோன் நோக்கிப் போகலாம். வழியில் புவா கிளேர் சுரங்கம் வரும், 1.6 கிலோமீட்டர் நீளம். ஆகஸ்ட் வெயிலிலும் உள்ளே நடுங்கும், மேலே போட ஏதாவது கையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள். அப்போது போனால் சுரங்கத்துக்குப் பதிலாக மேலே உள்ள கணவாயை ஏறிக் கடக்க வேண்டும், அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. மே, ஜூன் அல்லது செப்டம்பரில் வாருங்கள். திங்கட்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள், ஊர்களில் பாதிக் கடை திறந்திருக்காது.