எதிரே உட்கார ஓர் ஆள்

அன்புள்ள அண்ணாச்சி,

மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது முலுண்டில் வீடு, ஐரோலியில் வேலை. ஆபீஸ் பஸ்ஸில் நாலைந்து தமிழ்ப் பையன்கள் சேர்ந்துதான் போவோம். போன மாதம் முழுக்க எங்களுக்குள் ஒரே பேச்சு: இளையராஜா சார் மறுபடியும் ஊரையே ஆட்டி வைக்கிற மாதிரி ஒரு பாட்டுக் கொடுக்க என்ன செய்யலாம்? ஆளுக்கொரு திட்டம் வைத்திருக்கிறோம். மெட்டு அவர் போடட்டும், பீட்டும் சவுண்டும் அனிருத் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறான் ஒருவன். லோகேஷ் கனகராஜ் படத்தில் ஹீரோ அறிமுகப் பாட்டை அவரிடம் கொடுத்தால் போதும் என்கிறான் இன்னொருவன். ரீல்ஸுக்குத் தோதாக முதல் பதினைந்து விநாடியில் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு வரி வேண்டும் என்பது என் கட்சி. தனுஷ் பாடினால் தானாக ஹிட் ஆகும் என்பவனும் இருக்கிறான். அப்பா மட்டும், "அவருக்கு எதுக்குடே இனிமே ஹிட்டு? அவர நிம்மதியா விடுங்க" என்கிறார்.

நீங்கள் கேசட் காலத்திலிருந்து கேட்டு வருபவர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எங்கள் கற்பனையெல்லாம் வெட்டிப் பேச்சுதானா?

அன்புடன்,
முலுண்டிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

வெட்டிப் பேச்சு இல்லை. ஒருவர் மேல் பிரியம் இருந்தால்தான் அவருக்காக உட்கார்ந்து திட்டம் போடத் தோன்றும். நானும் முப்பது வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் உங்கள் நாலு திட்டத்திலும் எனக்கு ஒன்று இடிக்கிறது. ராஜாவோடு என்னத்தைச் சேர்க்கலாம் என்றே எல்லாரும் யோசித்திருக்கிறீர்கள். அவர் ஆர்மோனியத்தைத் திறக்கும்போது எதிரே யார் உட்காரப் போகிறார்கள் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

நாம் இருக்கிற இதே ஊரில் இதற்கு ஒரு கதை நடந்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு ராஜாவுக்கு வருகிறேன்.

இந்திப் பட இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன். எழுபதுகளில் எந்த ரேடியோவைத் திருப்பினாலும் அவர்தான். எண்பதுகளின் நடுவில் அவருடைய படங்கள் வரிசையாக விழுந்தன. டிஸ்கோ அலையில் பப்பி லஹிரி மேலே வந்தார். வழக்கமாக வந்துகொண்டிருந்த தயாரிப்பாளர்கள் வேறு வீட்டு வாசலுக்குப் போனார்கள். 1988-ல் மாரடைப்பு, லண்டனில் பைபாஸ் ஆபரேஷன். அந்த இறங்குமுக நாட்களில் அவர் தமிழுக்கும் வந்தார் என்பது உங்கள் வயதுப் பையன்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. 1987-ல் விஜயகாந்தும் நதியாவும் நடித்த 'பூமழை பொழியுது' படத்துக்கு அவர்தான் இசை. மெட்ராஸில் ராஜா கொடிகட்டிப் பறந்த வருஷம் அது. பம்பாயில் வேலை குறைந்த ஒரு மேதை, ராஜாவின் கோட்டைக்குள் வந்து பாட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

அப்போது நாங்கள் சயான் கோலிவாடாவில் இருந்தோம். பக்கத்து பில்டிங்கில் ஒரு மாமா, பாலக்காட்டுக்காரர், இந்திப் பட ஸ்டூடியோக்களில் வயலின் வாசித்தவர். பெரிய பாட்டு என்றால் இருபது முப்பது வயலின் இருக்குமாம். எல்லாரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒன்றாக வாசிக்க வேண்டும். ஒருத்தர் வில் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து டேக். சிந்தசைசர் வந்த பிறகு அத்தனை பேருக்கும் பதிலாக ஒரு கீபோர்டுக்காரர் போதும் என்றாகிவிட்டது. மாமா வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதுவும் குறைந்து, வயலின் பெட்டி மேல் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1994-ல் ஒரு சாயங்காலம் அவர் வீட்டில் 'குச் நா கஹோ' கேசட் ஓடிக்கொண்டிருந்தது. மாமா காபி டம்ளரோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வயலின்கள் சேர்ந்து ஏறுகிற இடம் வந்ததும் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டார். இடது கை விரல்கள் நாலும் தொடை மேல் அழுத்தி அழுத்தி நகர்ந்தன. பாட்டு முடிகிறவரை டம்ளரைத் தொடவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து, "நெஜ வயலின்டா" என்றார்.

அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். '1942: எ லவ் ஸ்டோரி' படத்துக்காக இயக்குநர் விது வினோத் சோப்ரா பர்மனிடம் போயிருக்கிறார். பர்மன் முதலில் போட்டுக்காட்டிய மெட்டு அன்றைய சந்தைக்கு ஏற்ற சரக்கு. இது குப்பை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம் சோப்ரா. சுவரில் அப்பா, இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மனின் படம் மாட்டியிருக்கிறது. எனக்கு வேண்டியது அது என்று அதைக் காட்டியிருக்கிறார். பர்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் படத்தில் நான் இருக்கிறேனா இல்லையா என்று மட்டும் கேட்டாராம். இருக்கிறீர்கள், ஆனால் உங்களிடம் உள்ளதில் சிறந்தது எனக்கு வேண்டும் என்று பதில். கொஞ்சம் டைம் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்தான், அப்புறம் 'குச் நா கஹோ'வோடு வந்தார். இதை சோப்ராவே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

அதே படத்தின் 'ஏக் லட்கி கோ தேகா' பற்றிப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் சொல்வதும் கேட்க வேண்டியது. மெட்டுக்கு உட்கார வேண்டிய நாளில் அவர் எதுவும் எழுதாமல் போயிருக்கிறார். ஒரு பெண்ணைப் பார்த்தபோது எப்படி இருந்தது என்று உவமைகளாக அடுக்கிக்கொண்டே போனால் என்ன என்று போகிற வழியில்தான் தோன்றியிருக்கிறது. அங்கேயே ஒரு சரணத்தை எழுதிக் கொடுக்க, பர்மன் சில நிமிடங்களில் மெட்டை முடித்துவிட்டார். சரக்கு அவரிடம் வற்றவே இல்லை தம்பி. எத்தனையோ வருஷமாக யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாட்டுகளை ஊர் கொண்டாடியதை அவர் பார்க்கவில்லை. 1994 ஜனவரி 4-ஆம் தேதி போய்விட்டார். வயது 54. படம் அதற்குப் பிறகுதான் வந்தது, ஃபிலிம்ஃபேர் விருதும் வந்தது. புது இசைக்கலைஞர்களுக்கென்று அவர் பெயரில் ஃபிலிம்ஃபேர் தொடங்கிய விருது முதலில் போனது நம் ரஹ்மானுக்கு.

சரி, ராஜாவுக்கு வருவோம்.

1976-ல் 'அன்னக்கிளி'. 1990-ல் ஐந்நூறாவது படம் 'அஞ்சலி'. பதினாலு வருஷத்தில் ஐந்நூறு, அதாவது ஆண்டுக்குச் சராசரி முப்பத்தைந்து படம். அந்த எண்ணிக்கையைச் சொல்லி எல்லாரும் வியக்கிறோம். அந்தப் பதினாலு வருஷமும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்: பாரதிராஜா, மகேந்திரன், பாலு மகேந்திரா, கே. விஸ்வநாத், மணிரத்னம். ஒவ்வொருவரும் கேட்டது வேறு. பாட்டே வேண்டாம், மௌனத்தைத் தாருங்கள் என்கிற மாதிரிப் படம் எடுத்தவரும் அதில் உண்டு, வயல்வெளியையே பாட வைக்கச் சொன்னவரும் உண்டு. அவர்கள் அவருக்குச் சமமாக உட்கார்ந்து கேட்டார்கள். இன்றைக்கு அவர் முன்னால் போகிறவர்களில் பலர் சிறு வயதிலிருந்து அவரைச் சாமியாகக் கும்பிட்டு வளர்ந்தவர்கள். சாமி கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க யாருக்குக் கை வரும்? முதல் மெட்டையே கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்று அவருடைய பிற்காலப் படங்கள் பலவற்றைக் கேட்கும்போது எனக்குத் தோன்றியிருக்கிறது. இதில் ரசிகர்களான நம் பங்கும் உண்டு. அவர் பாட்டில் ஒன்றைப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறவர்கள் நாம்.

இந்த ஊரிலேயே இருக்கிற இயக்குநர் பால்கி அவருடைய பரம ரசிகர். 2007-ல் 'சீனி கம்' எடுத்தபோது 'மன்றம் வந்த தென்றலுக்கு' மெட்டை இந்தியில் கொண்டுவந்தார். தியேட்டரில் பக்கத்து சீட் மராட்டிக்காரர் அதற்குத் தலையாட்டியபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அது 1986-ன் மெட்டு. 1991-ல் வந்த 'கண்மணி அன்போடு காதலன்' 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' மூலம் திரும்ப வந்ததும் அப்படித்தான். இதெல்லாம் பழைய பாட்டின் ஆயுள். நீங்கள் ஆசைப்படுவது புதுப் பாட்டு.

அதற்கு வழி எப்படி இருக்கும் என்று இரண்டு பேர் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் மிஷ்கின். 2013-ல் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில் ஒரு பாட்டுகூட வைக்காமல் பின்னணி இசையை மட்டும் ராஜாவிடம் கேட்டார். டைட்டிலில் அதை 'முன்னணி இசை' என்றே போட்டார். அதே மனிதர்தான் 2020-ல் 'சைக்கோ'வில் 'உன்ன நெனச்சு' வாங்கினார். கண் தெரியாத ஒருவன், ஒரு குரலைத் தேடிப் போகிறான். அந்த ஏக்கம் அவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டதால்தான் அந்த மெட்டு வந்தது என்பது என் நம்பிக்கை.

இன்னொருவர் வெற்றிமாறன். 2023-ன் 'விடுதலை'யைச் சொல்கிறேன். தனுஷ் பாடினால் ஹிட் என்று உங்கள் நண்பர் நினைப்பது 'ஒன்னோட நடந்தா' பாட்டை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். தனுஷ் நன்றாகவே பாடியிருக்கிறார். ஆனால் கூடப் பாடிய அனன்யா பட் குரலை அதுவரை தமிழில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? எழுதியவர் சுகா, நம்ம திருநெல்வேலிக்காரர். மலைக்காட்டில் ஒரு சாதாரண போலீஸ்காரனுக்கும் அந்த ஊர்ப் பெண்ணுக்கும் நடுவில் பயத்தோடு முளைக்கிற பிரியம், அதுதான் பாட்டுக்குக் கிடைத்த நிலம். பாட்டுக்கு மண் கிடைத்துவிட்டால் யார் குரல் என்பது இரண்டாவது கேள்வி.

போன வருஷம் மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு கல்யாண ரிசப்ஷன். ஆர்கெஸ்ட்ராவில் இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண், இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அதே 'விடுதலை'யின் 'வழிநெடுக காட்டுமல்லி' வரிகளைத் தேவநாகரியில் போனில் எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்துப் பாடினாள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஓர் அக்கா சாம்பார் வாளியை இடுப்பில் தாங்கியபடி அப்படியே நின்றுவிட்டாள். முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி, இது எந்தக் காலத்துப் பாட்டு என்று என்னிடம் கேட்டார். புதுசு ஆச்சி என்றேன். அவர் நம்பவில்லை.

அதனால் அனிருத் யோசனையை நான் ஏற்க மாட்டேன். அனிருத் திறமைசாலி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராஜாவிடம் மெட்டு வேறு, வாத்தியம் வேறு என்று கிடையாது. வயலின் எப்போது நுழைய வேண்டும், குழல் எங்கே மூச்சுவிட வேண்டும், பேஸ் கிட்டார் குரலுக்கு அடியில் எந்த வழியாக நடக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தாளில் தன் கையால் எழுதிக் கொடுக்கிறவர். அதிலிருந்து மெட்டை மட்டும் உருவினால் சேலையிலிருந்து பாவு நூலை உருவின மாதிரி ஆகிவிடும். பதினைந்து விநாடிக் கணக்கும் எனக்கு ஒட்டவில்லை. அவருடைய பாட்டுகள் எத்தனையில் முதல் பதினைந்து விநாடிக்குக் குரலே வராது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்தக் காத்திருப்பில்தானே நாம் விழுந்தோம்? லோகேஷ் யோசனை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அறிமுகப் பாட்டு எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

உங்கள் அப்பா சொன்னது சரி. 81 வயதில், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியவருக்கு ஹிட் எதற்கு? அவருக்கு வேண்டாம். நமக்குத்தான் வேண்டும், அதை நான் ஒளிக்கப் போவதில்லை. நான் உயிரோடு இருக்கும்போது அவரிடமிருந்து இன்னொரு புதுப் பாட்டு வந்து, ஒரு வாரம் தூக்கம் கெட வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது.

என் திட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். தாராவியில் விடியற்காலை நாலு மணிக்கு இட்லிக் கொப்பரையில் ஆவி கிளம்புகிறதே, அந்த வீட்டில் ஒரு கதை. கல்யாணமாகிப் பத்தொன்பது வயதில் ரயிலேறி வந்த பெண், ஐம்பது வருஷம் மாவாட்டிவிட்டு, ஒரு நாள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்கே திரும்பிப் போகிறாள். அவள் அவித்த இட்லியை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விற்ற புருஷன் இப்போது இல்லை. கடைசி விடியலில் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். தெருவில் வேறு யாரோ ஒரு பையனின் இட்லி சைக்கிள் போகிறது. அந்த ரப்பர் ஹாரனை உங்களுக்குத் தெரியுமே, பாம் பாம் என்று ஒரே சுருதியில் அடிக்குமே, அதிலிருந்து பாட்டு கிளம்ப வேண்டும்.

இதை எடுக்கப் போகிறவன் சென்னையிலிருந்து வர வேண்டியதில்லை. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் அந்த ஹாரனைக் கேட்டு எழுந்து ஸ்கூலுக்குப் போனவனாக இருந்தால் போதும். உங்கள் பஸ்ஸிலேயேகூட இருக்கலாம். அவன் ஹாரன் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு ராஜா முன்னால் போய் உட்கார வேண்டும். அவர் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டை வாசித்துக் காட்டுவார். நன்றாகத்தான் இருக்கும். அப்போது அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஐயா, எங்க ஆச்சி இப்பிடி அழமாட்டாங்க" என்று சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி