4294967297 பகா எண்ணா?

ஒற்றைப்படை, 3, 7, 11 எதிலும் மீதியில்லாமல் வகுபடவில்லை, அப்போ பகா எண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இது 641 × 6700417.

கணித மேதை ஃபெர்மாவே ஏமாந்த எண் இது. 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது. இதே மாதிரி 2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். 1732-இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர்தான் உடைத்துக் காட்டினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் பிறகு நிறுவிய விதி: இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, இவற்றைத் தாண்டியதும் 641, அதாவது ஐந்தாவது வகுத்தலிலேயே மாட்டிக்கொள்கிறது! அப்புறம், 6700417 பகா எண்தான், அதை மேலும் உடைக்க முடியாது.