ஆக்சிஜன் சென்சார் போனதற்குக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொல்கிறார்களா?

கேள்வி: 2014 மாடல் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். செக் என்ஜின் விளக்கு அணையாமல் எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து பி0135 என்ற கோளாறுக் குறியீட்டை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு ஆக்சிஜன் சென்சாரையும் மாற்ற வேண்டுமாம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் அடைத்திருக்கும், கழற்றிவிட்டால் மைலேஜ் கூடும், பழையதை நாங்களே எடுத்துக்கொண்டு பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சென்சாரை மட்டும் நானே வீட்டில் மாற்ற முடியுமா? – ஈரோடு வாசகர்

பதில்: தாராளமாக முடியும். ஸ்பானர் பிடித்துப் பழகியவருக்கு ஒரு மணி நேர வேலை. எதற்கும் முன்னால் ஒன்று: புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் அந்தக் கன்வர்ட்டரை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

பி0135 சொல்வது ஒரே விஷயம். என்ஜினுக்கு அருகிலுள்ள முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு, அவ்வளவுதான். கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள பின் சென்சாரின் ஹீட்டர் என்றால் பி0141 வரும். கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்றால் பி0420 வரும். அந்த இரண்டும் உங்கள் சீட்டில் இல்லை. அப்படியிருக்க மூன்றையும் மாற்றச் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அவர்கள் கண் கன்வர்ட்டர் மேல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்களைப் பூசியிருக்கிறார்கள். பழைய கன்வர்ட்டர் வாங்கத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் பில்லில் கழிப்பதைவிட அதிகமாக அங்கே கிடைக்கும். கழற்றிவிட்டு வெறும் பைப்பை வைத்தால் அடுத்து பி0420 வந்து விளக்கு எரியும். அதை மறைக்கப் பின் சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைக்கும் ஒரு ஸ்பேசர் போட்டு அதற்கும் காசு வாங்குவார்கள். புகை விதிமீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அது உங்கள் தலையில்தான் விழும், கழற்றியவர் தலையில் விழாது. குழாயைச் சைலன்சருக்குள் விடாமலே புகைச் சான்றிதழ் அடித்துத் தரும் மையங்கள் இருக்கும் வரை இந்த வியாபாரம் நிற்காது. சான்றிதழ் கையில் இருப்பதால் நாம் சுவாசிக்கும் காற்று சுத்தமாகிவிடுவதில்லை. இதைக் கண்காணிக்க வேண்டியவர்கள் கண்டுகொள்ளாமல் இருப்பது கோபப்பட வேண்டிய விஷயம்.

சரி, சென்சாருக்கு வருவோம். உள்ளே இருக்கும் சிர்கோனியா பீங்கான் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும். சீக்கிரம் சூடாக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்; அயர்ன் பாக்ஸ் காயில் மாதிரிதான், ஒருநாள் அறுந்துபோகும். அறுந்தாலும் கார் ஓடும், ஏனென்றால் புகைச் சூடே சற்று நேரத்தில் சென்சாரைச் சூடாக்கிவிடும். அதுவரை ஈசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) குத்துமதிப்பாகப் பெட்ரோல் விடும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் காரில்தான் இதனால் மைலேஜ் அடிபடும். ஆகவே இன்றே மாற்றாவிட்டால் என்ஜின் போய்விடும் என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

சென்சார் வாங்கும் முன் மல்டிமீட்டர் எடுங்கள். முதலில் ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து ஹீட்டருக்கான ஃபியூஸைச் சோதியுங்கள். பிறகு என்ஜின் நன்றாக ஆறியதும் முன் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். சென்சாரிலிருந்து வரும் நான்கு வயர்களில் இரண்டு ஒரே நிறத்தில் இருக்கும். அவைதான் ஹீட்டர். அந்த இரண்டு பின்னுக்கும் இடையே ஓம் அளந்தால் பெரும்பாலும் 4 முதல் 15க்குள் வரும். மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சார் வாங்கலாம். ஓம் சரியாக வந்தால் கார் பக்கக் கனெக்டரைச் சோதிக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, ஹீட்டருக்கான இரண்டு பின்னையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இக்னிஷன் போட்டதும் ஒன்றில் 12 வோல்ட் வர வேண்டும் (சில கார்களில் என்ஜின் ஓடினால்தான் வரும்). வராவிட்டால் புது சென்சார் போட்டாலும் விளக்கு எரியும். வயரை எலி கடித்திருக்கிறதா, மேனிஃபோல்டில் (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) பட்டு உருகியிருக்கிறதா என்று தேடுங்கள். இந்த இடத்தில் வயரிங் வரைபடம் கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022இல் மத்திய அரசு இணையதளமே தொடங்கியது, அதில் வாகனத் துறையும் உண்டு. ஆனாலும் கார் வாங்கியவருக்கு அந்த வரைபடம் எளிதில் கிடைப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளின் வயர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வதற்கே இத்தனை பாடு.

வாங்கும்போது பழைய சென்சாரின் அறுகோணப் பகுதியில் அல்லது கனெக்டரில் பொறித்திருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கனெக்டரோடு வரும் சென்சாரையே வாங்குங்கள். வயரை வெட்டி ஒட்டும் யுனிவர்சல் வகை வேண்டாம். பல சென்சார்கள் வயருக்குள் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் வெளிக்காற்றை எடுத்து ஒப்பிடுகின்றன. சால்டரிங் செய்தால் அந்த வழி அடைபடும். கழுவித் துடைத்த பழைய சென்சாரைப் புது டப்பாவில் போட்டு விற்பதும் நடக்கிறது. முனைக் கவசத்தில் கரி, சூட்டில் நீலம் பாய்ந்த நிறம், த்ரெட்டில் கீறல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இதில்தான். சில கார்களில் முன்னால் இருப்பது சாதாரண ஆக்சிஜன் சென்சார் அல்ல, ஏர் ஃப்யூயல் சென்சார். அதே த்ரெட், அதே உருவம், பலவற்றில் அதே நான்கு வயர். கடைக்காரரால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே நடப்பது வேறு. சாதாரண சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மேலும் கீழும் தாவும். ஏர் ஃப்யூயல் சென்சார் மின்னோட்டத்தின் அளவால் காற்று-பெட்ரோல் கலவையைச் சொல்லும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் ஈசிஎம் குழம்பும், என்ஜின் சரியாக ஓடாது. தெரிந்துகொள்ள வழி உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஈஎல்எம்327 என்ற ஸ்கேன் அடாப்டரைச் செருகி, மொபைல் ஆப்பில் பேங்க் 1 சென்சார் 1இன் (அதாவது முன் சென்சாரின்) நேரடி அளவைப் பாருங்கள். சூடான என்ஜினில் 0.1க்கும் 0.9க்கும் இடையே தாவினால் சாதாரண வகை. லாம்டா என்றோ மில்லி ஆம்பியர் என்றோ காட்டினால் ஏர் ஃப்யூயல் வகை. அதற்கு ஓம் அளவும் குறைவாக இருக்கும், மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. சந்தேகம் இருந்தால் பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாமல் வாங்க வேண்டாம்.

கழற்றுவதற்கு முந்தைய இரவே சென்சாரின் அடியில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். காலையில் என்ஜினை ஓரிரு நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். லேசான சூட்டில் த்ரெட் விட்டுக்கொடுக்கும். நன்றாகச் சூடேறிய மேனிஃபோல்டில் கை பட்டால் தோல் உரிந்துவிடும். கையுறை கட்டாயம். தகரக் கவசத்தைக் கழற்றி, கனெக்டரின் பூட்டை அழுத்தி எடுங்கள். பழைய பிளாஸ்டிக் உடையக்கூடியது, இழுக்காதீர்கள். சென்சாருக்கு 22 மி.மீ. அளவு. வயர் நுழையும் பிளவுள்ள சென்சார் சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். திறந்த வாய் ஸ்பானர் முனைகளை மழுக்கிவிடும். கால் சுற்று வந்ததும் இறுகினால் திரும்ப முறுக்கி, மறுபடி ஸ்ப்ரே அடித்து, முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். பலம் காட்டினால் மேனிஃபோல்டின் த்ரெட்டும் சேர்ந்து வந்துவிடும். த்ரெட் கடித்திருந்தால் எம்18, 1.5 பிட்ச் டேப் (த்ரெட் வெட்டும் கருவி) ஓட்டிச் சுத்தம் செய்யலாம்.

புதியதைக் கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் கோணலாகப் போகிறது என்று பொருள். த்ரெட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே ஆண்டி சீஸ் (த்ரெட் இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) தடவி வரும். கூடுதலாகத் தடவ வேண்டாம், முனையில் துளியும் படக் கூடாது. சிலிகான் சீலன்ட் பக்கத்திலேயே வேண்டாம், அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும். இறுக்கம் பெரும்பாலும் 40–50 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. தரையில் விழுந்த சென்சாரைப் போடாதீர்கள், பீங்கான் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். வயரைப் பழைய கிளிப்களில் அப்படியே மாட்டுங்கள், தொங்கவிட்டால் மேனிஃபோல்டில் உருகும். பின் சென்சாரைத் தொட வேண்டியதில்லை.

ஆப்பில் பி0135 குறியீட்டை அழித்து என்ஜினை ஓட்டிப் பாருங்கள். ஹீட்டர் வேலை செய்தால் ஒரு நிமிடத்துக்குள் அளவு தாவத் தொடங்கும். சில நாள் ஓட்டிய பிறகும் அதே பி0135 திரும்பினால், ஈசிஎம் போய்விட்டது என்று யாராவது பெரிய தொகை சொல்வதற்கு முன் கனெக்டரைத் திறந்து ஹீட்டர் பின்களைப் பாருங்கள். பச்சை படிந்தோ பின்னுக்குத் தள்ளப்பட்டோ தளர்ந்தோ இருந்தால் கோளாறு அங்கேதான்.